கிழிக்க முடியாத ஓலை

சுந்தரர் திருமணம் தடைப்பட்ட கதையைப் பெரிய புராணம் அறிந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புத்தூரில் மணப்பந்தல், உற்றார் உறவினர் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். முதிய வேதியர் ஒருவர் அங்கே வந்து, “இந்தப் பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது” என்கிறார். சுந்தரருக்குச் சினம் பொங்குகிறது. முதியவரைத் தொடர்ந்து ஓடிப் பிடித்து, ஓலையைப் பறித்துக் கிழித்துப் போட்டுவிடுகிறார். அத்தோடு வழக்கு முடிந்தது என்றே பந்தலில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் வழக்கு அப்போதுதான் தொடங்கியது. கிழிபட்டது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் அது வெளிப்பட்டது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவையோர் தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்த முதியவர் யார், எதற்காக அப்படி வந்தார் என்பது பக்தர்களுக்குரிய பெரிய விஷயம். அதற்குள் நான் நுழையவில்லை. அந்தக் கதையில் ஓரமாகக் கிடக்கும் ஒரு சின்ன உலகியல் ஞானத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். யாரைப் பற்றிய சான்றோ, அவருடைய கை எட்டும் இடத்தில் அந்தச் சான்றின் ஒரே பிரதியை வைக்கக் கூடாது. கை எட்டும் இடத்தில் இருந்தால் நல்லவரும் கோபத்தில் கிழித்துவிடுவார். சுந்தரரே கிழித்தார் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

இந்த எண்ணம் எனக்குக் கோயில் மண்டபத்தில் தோன்றவில்லை. கணினி வலைப்பின்னல்களைப் பராமரிக்கும் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள முயன்றபோது தோன்றியது. நாம் வங்கிக்குப் போகிறோம், மருத்துவமனைக்குப் போகிறோம், ரயிலுக்கு முன்பதிவு செய்கிறோம். அங்கெல்லாம் ஏதோ ஒரு பூட்டிய அறைக்குள், விளக்குகள் மினுக்கிக்கொண்டு சில பெட்டிகள் இருக்கின்றன. ரௌட்டர், சுவிட்ச், ஃபயர்வால் என்று அவற்றுக்குப் பெயர். நாற்சந்தியில் நின்று வண்டிகளுக்கு வழி காட்டும் போலீஸ்காரரைப் போல, ஓயாமல் வந்துபோகும் செய்திகளுக்கு அவை வழி காட்டுகின்றன. அவை ஒழுங்காக வேலை செய்யும்வரை அவை இருப்பதே நமக்குத் தெரியாது.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. அவை நாட்குறிப்பு எழுதும். ‘இந்த நேரத்தில் மூன்றாவது வாசலின் தொடர்பு அறுந்தது’, ‘இன்னார் இந்த முகவரியிலிருந்து உள்ளே நுழைந்தார்’, ‘இன்னார் என் அமைப்பில் மாற்றம் செய்தார்’, ‘தவறான கடவுச்சொல்லோடு ஒருவர் பல முறை முயன்றார்’, ‘என் உடம்புச் சூடு ஏறிவிட்டது’ என்று ஒவ்வொன்றையும் ஒரு வரியில் குறித்து வைக்கும். இதை ‘லாக்’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் மரக்கட்டை என்று பொருள். பழைய கப்பல்களில் கயிறு கட்டிய ஒரு கட்டையைக் கடலில் எறிந்து, கயிறு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்துக் கப்பலின் வேகத்தைக் கணக்கிடுவார்கள். அதைக் குறித்து வைத்த புத்தகம் ‘லாக் புத்தகம்’ ஆயிற்று. கடலில் திசை தெரியாமல் போகிறவனுக்குத் தான் வந்த வழியைப் பற்றிய நேர்மையான குறிப்பு உயிர் காக்கும் பொருள். அதனால்தான் அந்தச் சொல் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது.

ஆனால் பெட்டி தன் குறிப்பை எங்கே எழுதுகிறது என்று கேட்டால்தான் சங்கடம் தொடங்குகிறது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், அது தன் சொந்த நினைவில்தான் எழுதிக்கொள்ளும். அந்த நினைவு மிகச் சிறியது. சில ஆயிரம் எழுத்துகளுக்கே பல கருவிகளில் இடம் இருக்கும். இடம் நிரம்பியதும் பழைய வரியை அழித்து அதன் மேல் புதிய வரியை எழுதும். மின்சாரம் போனால், அல்லது யாராவது அணைத்து ஏற்றினால், பெரும்பாலான கருவிகளில் அந்த நினைவு முழுவதும் போய்விடும். வேண்டுமென்று அழிக்க நினைக்கிறவருக்கோ ஒரே ஒரு கட்டளை போதும்.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். ஓர் இரவை எண்ணிப் பாருங்கள்.

ஒரு நகரத்து மருத்துவமனை. பின்னிரவு நேரம். பரிசோதனைக் கூடத்திலிருந்து வார்டுக்கு வரவேண்டிய ரத்தப் பரிசோதனை முடிவு திரையில் வரவில்லை. டாக்டர் காத்திருக்கிறார், நோயாளியின் மனைவி நடைவழியில் நிற்கிறாள். இரவு வேலையில் இருப்பவன் உத்தியோகத்தில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஓர் இளைஞன். அவன் மேலதிகாரிக்குப் போன் செய்கிறான். “பெட்டியை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா” என்று தூக்கக் கலக்கத்தில் பதில் வருகிறது. “சரி சார்” என்று அப்படியே செய்கிறான். தொடர்பு வந்துவிடுகிறது. நாற்பது நிமிஷம் போனது போனதுதான்.

மறுநாள் காலையில் விசாரணை. உண்மையில் நடந்தது இதுதான்: மூத்த பொறியாளர் ஒருவர் அன்றிரவு வீட்டிலிருந்தபடியே அந்தப் பெட்டிக்குள் நுழைந்து ஒரு வரியை மாற்றினார். மாற்றியதை நிலையாகச் சேமிக்காமல் தூங்கப் போய்விட்டார். அந்த மாற்றத்தால் வழி அடைபட்டது. பெட்டியை அணைத்து ஏற்றியதும் சேமிக்கப்படாத மாற்றம் மறைந்து, பழைய அமைப்பே திரும்பி வந்து, எல்லாம் சரியாயிற்று. அவர் நுழைந்ததையும் மாற்றியதையும் சொல்லும் வரிகள் பெட்டியின் நினைவில் இருந்தன. அவையும் அதே நொடியில் அழிந்தன. நோயும் போயிற்று, நோய்க்குக் காரணம் சொல்லும் சாட்சியும் போயிற்று.

இப்போது யார்மேல் பழி விழும்? அந்தப் பெட்டியைத் தொட்டதாக எல்லாருக்கும் தெரிந்தவன் ஒருவன்தான். ‘நான் தொடுவதற்கு முன்பே கெட்டிருந்தது’ என்று அவன் சொல்லலாம். சொல்லத்தான் முடியும், காட்ட முடியாது. மூத்தவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. தாம் செய்த சின்ன மாற்றத்துக்கும் இந்தப் பெரிய விபரீதத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கே தோன்றாமல் இருக்கலாம். ஆனால் சான்று இல்லாத இடத்தில் பழி நீரைப் போலப் பள்ளம் பார்த்துத்தான் பாயும். உத்தியோகத்தில் இளையவன், சம்பளத்தில் குறைந்தவன், பேசத் தெரியாதவன் எவனோ அவன்தான் பள்ளம்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஓர் உண்மை புலப்படுகிறது. ‘நான்’ என்று கதாநாயகனே தன் கதையைச் சொல்லிக்கொண்டு போகும் நாவல்களை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த நடையில் ஒரு சௌகரியம் உண்டு. கதை சொல்கிறவன் தனக்குப் பிடிக்காத பகுதிகளைத் தாண்டிப் போய்விடலாம். பொய் சொல்ல வேண்டியதே இல்லை; சொல்லாமல் விட்டால் போதும். தன் குறிப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் கருவி அப்படிப்பட்ட கதாநாயகன். அது வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. ஆனால் ஆபத்தான கட்டத்தில் மயக்கம் போட்டு விழுந்து, எழுந்தபின் ‘எனக்கு ஒன்றும் நினைவில்லையே’ என்கிறது.

இதற்குத் தொழிலில் வல்லவர்கள் கண்ட பரிகாரம் எளியது. ஒவ்வொரு கருவியும் தன் குறிப்பை எழுதிய அந்தக் கணத்திலேயே அதன் ஒரு பிரதியை வேறோர் இடத்தில் இருக்கும் பொதுவான பதிவு சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும். ஐம்பது கருவிகள் இருந்தால் ஐம்பதும் அந்த ஒரே இடத்துக்கு எழுத வேண்டும். இதற்கு உதவும் முறைக்கு ‘சிஸ்லாக்’ என்று பெயர். அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர், 1980-களில் ‘செண்ட்மெயில்’ என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்குத் துணையாக இதை உண்டாக்கினார். மின்னஞ்சலுக்காகப் பிறந்தது, மற்றவர்களுக்கும் பயன்படவே, மெல்ல மெல்ல எல்லாக் கருவிகளுக்கும் பரவிவிட்டது. பழக்கத்தில் இருந்ததை எழுத்தில் வைத்தது 2001-ல்தான். 2009-ல் இன்னும் திருத்தமான விதிகள் வந்தன.

கருவியிடம் இந்த ஏற்பாட்டைச் செய்வதற்கு அதிக நேரம் ஆகாது. முக்கியமாக நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும். யாருக்கு எழுத வேண்டும்? எவ்வளவு எழுத வேண்டும்? எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும்? யார் பெயரில் எழுத வேண்டும்? நான்கும் நான்கு வரிக் கட்டளைகள். ஆனால் சற்று நின்று யோசித்தால், உண்மையைச் சொல்ல விரும்பும் எந்த மனிதனும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகள் அவை.

யாருக்கு என்பது முதல் கேள்வி. கருவிகளை ஆளுகிறவரே பதிவு சர்வரையும் ஆண்டால் பயன் பாதி போயிற்று. ஓலையை வேறு ஊரில் வைத்துவிட்டு, அந்த வீட்டுச் சாவியையும் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டது போல ஆகும். ஆகையால் விஷயம் தெரிந்த நிறுவனங்களில் இரண்டு பொறுப்புகளையும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுக்கிறார்கள். பதிவுகளைச் சேர்க்கலாம், படிக்கலாம், ஆனால் மாற்ற முடியாது என்று சேமிப்பிலேயே பூட்டுப் போடுகிறவர்களும் உண்டு.

எவ்வளவு என்பது இரண்டாவது. சிஸ்லாக் முறையில் செய்திகளை எட்டுத் தரமாகப் பிரித்திருக்கிறார்கள். சுழியம் முதல் 7 வரை எண்கள். எண் சிறுத்தால் ஆபத்து பெருக்கும். சுழியம் என்றால் கருவியே உபயோகமற்றுப் போகும் நிலை, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 சாதாரணத் தகவல், 7 பழுது பார்க்கிறவருக்காக மட்டும் சொல்லும் மிக நுணுக்கமான விவரம். எந்த எண்ணை நாம் குறிக்கிறோமோ அதுவும் அதைவிடக் கடுமையானவையும் போய்ச் சேரும். 7 என்று வைத்துவிட்டால் கருவி வழியில் கண்ட எறும்பையெல்லாம் எழுதத் தொடங்கிவிடும். எழுதி எழுதியே களைத்துப்போய்ச் செய்ய வேண்டிய வேலையைக் கோட்டை விடுவதும் உண்டு. மிகக் குறைத்து வைத்தாலோ வீடு எரிந்த பிறகுதான் புகை வந்ததாகச் செய்தி வரும். எல்லாவற்றையும் சொல்கிறவன் உண்மையானவன் என்று நாம் நினைக்கிறோம். எது முக்கியம் என்று தெரிந்து சொல்லத் தெரியாதவனால் உண்மைக்கு அதிக லாபம் இல்லை.

மூன்றாவது கடிகாரம். ஐம்பது கருவிகளும் ஐம்பது நேரம் காட்டினால், எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. முன்பின் தெரியாவிட்டால் காரணம் எது, விளைவு எது என்று தெரியாது. அந்த மருத்துவமனை இளைஞன் தொட்டது முன்னா, தொடர்பு அறுந்தது முன்னா என்பதில்தானே அவன் மானமே இருக்கிறது? வலைப்பின்னலில் உள்ள கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்யும் ‘என்.டி.பி.’ என்ற முறையை டேவிட் மில்ஸ் என்ற அறிஞர் உருவாக்கினார். 1985-ல் அது முதன்முதலாக எழுத்தில் வந்தது. நம் நாட்டில் அரசாங்கத்தின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவும் இதை வற்புறுத்துகிறது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தையோ தேசியத் தகவல் மையத்தின் நேரத்தையோ ஒட்டிக் கடிகாரங்களை வைக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள்ளேயே பத்திரப்படுத்த வேண்டும் என்கிறது.

இந்தக் கடிகார விஷயத்தில் என் மனத்தைக் கவர்ந்த ஒரு சிறு செய்தி உண்டு. சிஸ்கோ நிறுவனத்தின் ரௌட்டர்களில் சிலவற்றுக்குச் சொந்தமாகப் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அணைத்து ஏற்றினால், அவை 1993 மார்ச் 1-ஆம் தேதி பிறந்ததாகவே எண்ணிக்கொண்டு அங்கிருந்து நேரத்தைக் கணக்கிடும். ஆனால் அந்த நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடும். ‘இந்த நேரத்தை நம்பாதீர்கள்; எனக்கே நிச்சயமில்லை’ என்பது அதற்குப் பொருள். நினைவு தப்பிய பிறகும் தன் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று அடக்கத்தோடு சொல்லிவிடுகிறது அந்தப் பெட்டி! மேடையில் பேசும் நம்மவர்களுக்கும், பழங்கதை பேசும் பெரியவர்களுக்கும், என்னைப் போல் எழுதுகிறவர்களுக்கும் வாக்கியத்தின் முன்னால் இப்படி ஒரு நட்சத்திரம் போடும் பழக்கம் இருந்தால் எத்தனை சண்டைகள் ஓயும்!

நான்காவது பெயர். ஒரு ரௌட்டருக்குப் பல வாசல்கள். வாசலுக்கு ஒரு முகவரி. எந்த வாசல் வழியாகக் கடிதம் போகிறதோ அந்த முகவரியே அதன்மேல் இருக்கும். ஒரே கருவி இன்று ஒரு பெயரிலும் நாளை வேறு பெயரிலும் எழுதினால், சேர்த்து வைக்கிறவர் அவற்றை இரண்டு கருவிகள் என்றே எண்ணிவிடுவார். ஆகவே எந்த வழியாகப் போனாலும் ஒரே பெயரில் எழுது என்று கட்டளை இடுகிறார்கள். இடத்துக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு முகம் என்று வாழ்கிறவர்களின் சான்று எங்கும் செல்லாது என்பது மனித சமூகத்துக்கும் பொருந்தும்.

இந்த நான்கையும் செய்த பிறகும் ஒரு குறை மிஞ்சுகிறது. பழைய சிஸ்லாக் முறையில் செய்தி போவது அஞ்சலட்டை போடுவதைப் போன்றது. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது; வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். வழியில் இருப்பவர் படிக்கவும் முடியும். மற்றொருவர் பெயரில் போலியாக எழுதிப் போடவும் முடியும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் முறையும், உறையில் இட்டு முத்திரை வைக்கும் முறையும் பிறகு வந்தன. பொறுப்புள்ளவர்கள் அவற்றைத்தான் கையாளுகிறார்கள். அப்போதும் ஒரு விபரீதம் இருக்கிறது. பாதை அறுந்தது என்ற செய்தி, அறுந்த அதே பாதை வழியாகத்தானே போயாக வேண்டும்? ஆகவே நல்ல பதிவுகாரர் வந்த செய்திகளை மட்டும் பார்க்க மாட்டார். தினமும் எழுதுகிறவன் இன்று ஏன் எழுதவில்லை என்றும் பார்ப்பார். வெளியூரில் இருக்கும் மகனிடமிருந்து வாரக் கடைசியில் போன் வராவிட்டால் தாய்க்கு மனம் துடிக்கிறதல்லவா? அந்தத் துடிப்பு பதிவு சர்வருக்கும் வேண்டும்.

சான்று வேறிடத்தில் இருப்பதன் மகிமையை உலகம் கண்ணால் கண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. சிஸ்லாக் பிறந்த அதே பெர்க்லியில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 1986-ல் அது நடந்தது. கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானநூல் ஆராய்ச்சியாளர் அங்கே கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். கணினி உபயோகத்துக்குக் கட்டணம் எழுதும் கணக்குகள் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் இடையில் 75 சென்ட் வித்தியாசம் வந்தது. நம் ஊரில் ஒரு தேநீருக்குக்கூட எண்ணிப் பார்க்காத அளவு தொகை. ஆனால் அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்தபோது, யாரோ ஓர் அந்நியன் கணினிக்குள் புகுந்து உயர்ந்த அதிகாரத்தையே கைப்பற்றியிருக்கிறான் என்று தெரிந்தது.

அத்தகைய அதிகாரம் பெற்றவன் கணினிக்குள்ளே இருக்கும் எந்தக் குறிப்பையும் அழிக்க வல்லவன். யாராவது தன்னைக் கவனிக்கிறார்களா என்றும் உள்ளிருந்தே பார்க்க வல்லவன். ஸ்டோல் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சக ஊழியர்களின் மேசைகளில் இருந்த அச்சு யந்திரங்களையும் சிறு கணினிகளையும் திரட்டி வந்து, வெளியிலிருந்து வரும் ஐம்பது தொடர்புக் கம்பிகளிலும் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். அந்நியன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. கணினிக்குள் சர்வ வல்லமை படைத்தவனால் வேறோர் இடத்தில் இருந்த காகிதத்தின் ஓர் எழுத்தைக்கூட அழிக்க முடியவில்லை. அப்படி ஒரு காகிதம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஏறக்குறைய ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து, அவன் அப்போதைய மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்திலிருந்து வருகிறான் என்று கண்டுபிடித்தார்கள். கிடைத்த தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கும்பல் அது. 1990-ல் ஜெர்மனியில் அவர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. படியோலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தவர்களை மூல ஓலை காட்டிக்கொடுத்துவிட்டது.

இனி நியாயமான ஓர் ஆட்சேபத்தைக் கேட்போம். ‘ஒவ்வொரு செயலையும் எழுதி வேறொருவரிடம் கொடுத்து வைப்பது என்றால், மனிதனை மனிதன் நம்பவே இல்லை என்று ஆகாதா? கௌரவமான ஊழியனுக்கு அது அவமானம் அல்லவா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் சரி என்றே தோன்றும். ஆனால் அவமானம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்த பிறகு ஒருவனைப் பிடித்துச் சோதிப்பது அவமானம். சந்தேகமே இல்லாத நாளில், மேலவர் கீழவர் என்ற பேதமின்றி, எல்லாருடைய செயலையும் ஒரே மாதிரி குறித்து வைப்பது அவமானம் ஆகாது. அது பந்தியில் எல்லாருக்கும் ஒரே இலை போடுவது போன்றது. அந்த மருத்துவமனையில் அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால், இளைஞன் தன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. மூத்தவருடைய மறதியும் மறதி என்றே தெரிந்து, மன்னிக்கப்பட்டிருக்கும். யார்மீதும் பொய்ப்பழி விழாது என்ற நிச்சயம் இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் ஒருவரையொருவர் நம்ப முடியும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக் கூடாது என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. உறவினரையும் சேர்த்து விலக்கியது நமக்குக் கடுமையாகப் படலாம். ஆனால் கணக்குக் காட்டுவதைப் பதவியின் ஒரு பகுதியாகவே அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அந்த விதியை எழுதி வைத்த இடமும் கவனிக்கத் தக்கது. ஒருவர் பெட்டியில் வைக்கும் ஓலையில் எழுதவில்லை. ஊரார் எல்லாரும் பார்க்கும் கோயில் சுவரில், கல்லில் எழுதினார்கள்.

ஆட்சேபத்தில் வேறொரு பாதி இருக்கிறது. அதை நான் மறுக்க மாட்டேன். பதிவைச் சேர்த்து வைக்கிறவர் கையில் பெரிய அதிகாரம் சேர்ந்துவிடுகிறது. யார் எத்தனை மணிக்கு வந்தார், எங்கிருந்து நுழைந்தார், எந்த வாசலைத் தட்டினார் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். கருவி தன் நடத்தையைப் பற்றி எழுதட்டும். அதன் வழியே போகும் பிறருடைய கடிதங்களைப் பிரித்து எழுத வேண்டாம். இந்த எல்லைக்கோடு மெல்லியது, அறியாமலே தாண்டிவிடலாம். 2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் 33 கோடிப் பேரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. ஒரு பிழையினால், மறைத்து வைக்க வேண்டிய கடவுச்சொற்கள் உள்ளபடியே அதன் உட்பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டன. யாரும் திருடவில்லை, பதிவேடே சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது. காவலனுக்கும் காவல் வேண்டும். பதிவைப் படிப்பவர் எப்போது, எதைப் படித்தார் என்பதும் ஒரு வரியாக வேறோர் இடத்தில் விழ வேண்டும். உரிய நாள் கழிந்ததும் பதிவை முறைப்படி அழித்துவிடவும் வேண்டும். எதையுமே மறக்காத சமூகம் எதையும் மன்னிக்கவும் செய்யாது.

கடைசியாக ஒன்று. எழுதியது போதும் என்று திருப்தியடைந்து, யாருமே படிக்காமல் விட்டுவிடும் ஆபத்து. 2013-ன் இறுதியில் அமெரிக்காவில் ‘டார்கெட்’ என்ற பெரிய கடைத்தொகுதியின் கணினிகளில் திருடர்கள் புகுந்து, வாடிக்கையாளர்களின் சுமார் 4 கோடி அட்டை எண்களைக் கொண்டுபோனார்கள். அந்த நிறுவனம் பாதுகாப்புக்குச் செலவு செய்யாமல் இல்லை. அதன் காவல் கருவிகள் எச்சரிக்கை கொடுத்திருந்தன. எச்சரிக்கையைப் பெற்றவர்கள் உரிய நேரத்தில் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை என்பதை 2014 மார்ச்சில் வெளியான அமெரிக்கச் செனட் குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டியது. கருவி தன் கடமையைச் செய்தது; மனிதர்கள்தான் செய்யவில்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான வரிகள் வந்து குவியும்போது எல்லாமே ஒரே இரைச்சலாகி, முக்கியமான ஒரு கூக்குரல் அதில் அமுங்கிப்போகிறது. சாட்சியை வேறு வீட்டில் குடிவைத்தோம், வாடகையும் கொடுத்தோம், போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிப்பட்ட பதிவு, உண்மை இருக்கிறது என்ற பொய்த் தைரியத்தைத்தான் நமக்குக் கொடுக்கும். தினமும் அரை மணி நேரம் அமர்ந்து படிக்கும் ஒரு மனிதனுக்கு ஈடாக எந்த யந்திரத்தையும் சொல்வதற்கில்லை.

‘இத்தனையும் எதற்கு? மனிதனுக்கு மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதே, அது போதாதா?’ என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். மனச்சாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அதுவும் நமக்குள்ளேயே இருக்கும் சிறிய நினைவு அல்லவா? நேற்று நாம் பிறருக்குச் செய்த தீங்கின்மேல் இன்று பிறர் நமக்குச் செய்த தீங்கு வந்து எழுதிக்கொள்கிறது. ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் பாதி அழிந்திருக்கிறது. மிஞ்சியதும் நம் சொந்தக் கடிகாரத்தின்படிதான் நேரம் காட்டுகிறது. அந்தக் கடிகாரத்தில் எப்போதும் எதிராளிதான் முதலில் கையை ஓங்கியிருப்பான். நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் மனிதனுடைய கணக்கை அவன் நெஞ்சிலேயே வைத்துவிடாமல், சித்திரகுப்தன் என்று வேறொருவனைக் கற்பனை செய்து, வேறோர் உலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் கணக்கனுக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலும் இருக்கிறது.

சித்திரகுப்தனிடம் நம் கணக்கு போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தவறு நேர்வதற்கு முன்பே, கோபம் வருவதற்கு முன்பே, கை பதறாத ஒரு நல்ல நாளில், நம்மைப் பற்றிய உண்மையின் ஒரு பிரதியை நம் கைக்கு எட்டாத நேர்மையானவர் ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். அலுவலகத்தில் அது ஒரு சர்வராக இருக்கலாம். வீட்டில் மனைவியாகவோ, முகத்துக்கு நேரே பேசும் ஒரு நண்பராகவோ இருக்கலாம். ‘நான் இப்படிச் செய்தேன் என்று நீங்கள் பார்த்தால் என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள்’ என்று ஒருவரிடம் சொல்லி வைப்பதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும். நாம் பலமாக இருக்கும் நாளில் அது நம்மை அடக்கும். நாம் பலவீனமாக நிற்கும் நாளில் நமக்காக எழுந்து பேசும் சாட்சியும் அதுவாகத்தான் இருக்கும்.